இரண்டு பாஷைக்கும் ஒரே வாய்

"உன்னதி உன்னட்டு செப்பு" என்றார் ரங்கம்மா அத்தை. உள்ளதை உள்ளபடி சொல்லு என்று அர்த்தம்.

சித்தூரில் எங்கள் வீட்டு முன்னறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பின்கட்டில் காயப்போட்டிருந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்து பெஞ்சில் அத்தை. எதிரே பாயில் முனுசாமி மாமா, மடியில் ஒரு காகிதக் கட்டோடு. இரண்டு பேருக்கும் நடுவே, பாவாடை நுனியைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக நான். எனக்கு ஒன்பது வயது.

அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், அக்கா. தெலுங்கு தவிர வேறெதுவும் தெரியாது. மாமா என் அம்மாவின் அண்ணன். நகரியில் தறி நெய்கிறவர். நூல் வாங்கும் இடத்தில் நாலு வார்த்தை தெலுங்கு பேசுவார், அதோடு சரி. இவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டுமானால் என் வாய் வழியாகத்தான் பேச வேண்டும்.

மாமா கோபமாக ஏதோ சொல்லி முடித்திருந்தார். அதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் பேசவில்லை.

சித்தூர் நினைவுகளை வாராவாரம் எழுதிவரும் இந்தத் தொடரில் இதை எழுதுவதாகவே இல்லை. போன வாரம் என் தங்கை போனில் சண்டைக்கு வந்தாள்.

"தெருவ எழுதற, ஸ்டேஷன எழுதற, மாம்பழ மண்டிய எழுதற. நீ ஊமையாக் கெடந்தத மட்டும் ஏன் உட்டுட்ட?"

"உனக்கு அப்போ மூணு வயசுடி. உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாது. அதான் கேக்கறேன். எழுது."

எழுதுகிறேன்.

கம்பவுண்டர் பேசிய தமிழ்

நைனா ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டர். கடப்பைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். சித்தூருக்கு வருமுன், கல்யாணமாகாத காலத்தில், நகரியில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் வேலை பார்த்தார். தறிக்காரத் தெருவிலிருந்து ஒரு பெண் விரல் வெட்டுக்காயத்தோடு வந்தாள். நைனா பஞ்சை வைத்து அழுத்தியபடி தனக்குத் தெரிந்த தமிழில், "பயம் வேண்டா, கொஞ்சம் கொஞ்சம் செத்துப் போகும்" என்றாராம். எரிச்சல் போய்விடும் என்று சொல்ல நினைத்திருக்கிறார். அந்தப் பெண் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். காயம் ஆறிய பிறகும் இரண்டு தடவை கட்டு மாற்றிக்கொள்ள வந்தாள்.

சாதி ஒன்று, பாஷை வேறு. அதனால் இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், கதவைச் சாத்தவில்லை. கல்யாணத்தில் சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்களாம். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாததால் சண்டையே வரவில்லை. இதை நைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எனக்கு இரண்டு பாஷையும் புரிந்தது.

என் உத்தியோகம்

அத்தை புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தபோது எனக்கு ஆறு வயதிருக்கும். நைனா காலையில் டிஸ்பென்சரிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அம்மாவின் தெலுங்கு கறிகாய் வாங்கப் போதும், நாத்தனாரோடு குடித்தனம் செய்யப் போதாது. அத்தையோ வேகமாகப் பேசுவார். அதிலும் கடப்பைப் பேச்சு. ஆகவே இருவருக்கும் நடுவில் நான் வேலைக்கு அமர்ந்தேன்.

முதல் நாளே ஒரு உண்மை புரிந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொன்னால் வீடு தாங்காது.

"ஈ புலுசு குக்க கூட முட்டது" என்பார் அத்தை. இந்தக் குழம்பை நாய்கூடத் தொடாது.

"இன்னா சொல்றாங்கோ?" என்பாள் அம்மா.

"புளி கொஞ்சம் தூக்கலாம். மத்தபடி நல்லா கீதாம்."

"வாயக் கட்டிக்கினு துன்னச் சொல்லு" என்பாள் அம்மா.

நான் அத்தையிடம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமான்னு அம்மா கேக்கறாங்க" என்பேன், தெலுங்கில். அத்தை தட்டை நீட்டுவார். அம்மாவுக்கு அது வேண்டுமென்றே செய்வதாகத் தெரியும். நான் அதற்கும் ஒரு சமாதானம் தயார் செய்வேன்.

(அத்தை பேசியதைப் பெரும்பாலும் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். இத்தனை வயதுக்கு மேலும் அந்த வேலை என்னை விடவில்லை.)

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டால் ஒரு முடி வலிக்காது. அம்மா, அத்தைக்கு மூட்டுவலி வந்தால் நொச்சி இலை போட்டு வெந்நீர் வைப்பாள். ஆனால் கொடுக்கும்போது ஒரு வார்த்தை, வாங்கும்போது ஒரு வார்த்தை. இரண்டையும் நான்தான் துடைத்துச் சுத்தம் செய்து மறுபக்கம் சேர்க்க வேண்டும்.

எட்டு வயதில் எனக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. மாமா வருகிறார் என்று தெரிந்தாலே வலிக்கும். நகத்தைச் சதைவரை கடித்தேன். நைனா பூச்சி மருந்து கொடுத்தார். ஓம வாட்டர் கொடுத்தார். ஊரிலிருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் சரியாக மருந்து கலக்கிக் கொடுத்த மனிதர். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் இருக்கும்போது எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

மாமா கொண்டுவந்த காகிதம்

ஆந்திர ராஜ்யம் தனியாகி சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எந்தத் தாலுகா யாருக்கு, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயவில்லை. பஸ்ஸில் அதே பேச்சு, க்ஷவரக் கடையில் அதே பேச்சு. பள்ளிக்கூடத்தில், நேற்றுவரை என்னோடு கல்லாங்காய் ஆடியவள், "நீ அரவமா, தெலுங்கா?" என்று கேட்டாள். தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள். "ரெண்டும்" என்றேன். "ரெண்டும்னு ஒன்னு கெடையாது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கொண்டுவந்தது, நகரியை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லும் மனு. நகரியில் பிறந்தவள் என்று அம்மாவிடமும் கையெழுத்து வாங்க வந்திருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நைனா வீட்டில் இல்லை.

"என்ன காகிதம் என்று கேள்" என்றார் அத்தை.

நான் வழக்கம்போல, "தறிக்காரங்க சங்கத்துக் காகிதம்" என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்தார். அடுத்த வீட்டில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், குழந்தை பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறாள் என்று. "இத்தனை நாளாக எனக்குப் பொய் சொன்னாயா? இன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு."

மாமாவுக்கு அந்தக் கைப்பிடி பிடிக்கவில்லை. "கொயந்த கைய உடச் சொல்லு. இந்தம்மா வந்த நாளா இந்த ஊட்ல என் தங்கச்சி வாயத் தொறந்து நாலு வார்த்த தமிழ் பேசல. போக்கிடம் இல்லாம வந்து ஒண்டிக்கினு, அதிகாரம் வேற."

எனக்குக் களைப்பாக இருந்தது. அதுதான் நினைவிருக்கிறது. கோபம் இல்லை, பயம்கூட இல்லை. சுமந்தது போதும் என்கிற மாதிரி ஒரு களைப்பு. அவர் சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். போக்கிடம் இல்லாமல் என்பதை விடவில்லை. ஒண்டிக்கொண்டு என்பதையும் விடவில்லை.

அத்தையின் முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு அவர் சொன்னார். நான் அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

"உன் தங்கச்சியையும் கூட்டிக்கினு அந்த ராஜ்யத்துக்கே போயிடுன்னு சொல்றாங்க. என் தம்பிக்கு எங்க ஜனத்துலயே நல்ல பொண்ணு கெடச்சிருப்பான்னு சொல்றாங்க."

திரும்பினால் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை சொன்னது அம்மாவின் காதில் என் குரலில்தான் விழுந்தது. நாலரை மணி பஸ்ஸுக்கு அம்மா கிளம்பிவிட்டாள். தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நீ உங்கத்தையோடவே இரு. உனக்குத்தான் தெலுங்கு நல்லா வருதே."

மருந்தில்லாத தொண்டை

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். சத்தம் வரவில்லை. அடம் என்று நினைத்து டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றினார். நான் அடம் பிடிக்கவில்லை. வார்த்தை தொண்டைவரை வரும். வந்ததும், இது யாரை அடிக்கப் போகிறதோ என்று ஒரு நடுக்கம். உள்ளேயே போய்விடும்.

நைனா என் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். குச்சியில் பஞ்சு சுற்றி, இனிப்பும் துவர்ப்புமாக ஒரு மருந்து தடவினார். அவருடைய டாக்டரும் பார்த்துவிட்டு, "தொண்டை நன்றாக இருக்கிறது" என்றார். நைனாவின் கை என் தாடையைப் பிடித்தபடியே இருந்தது. 

இரண்டு தடவை நைனா நகரிக்குக் கிளம்பினார். "வசந்தா, வரியாம்மா? அம்மாவப் பாக்கலாம்" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன், வரவில்லை என்று. அம்மாதானே அத்தையோடு இரு என்று சொன்னாள்? சொன்னதை மீறிப் போனால் இன்னும் என்ன ஆகுமோ. நைனா தனியாகப் போனார். "பெரியவ வரமாட்டேங்குது" என்று மட்டும் அங்கே சொல்லியிருக்கிறார். எனக்குப் பேச்சு நின்றதைச் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள் என்று மறைத்துவிட்டார். அம்மா அதைக் கேட்டு, "சரி, அவளுக்கு அவ அத்ததான் பெருசு" என்று சொல்லிவிட்டாளாம். அவரவர் மனதில் ஒரு கணக்கு. எல்லாமே தப்பு.

அந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டவர் அத்தை. பாயை நனைக்க ஆரம்பித்திருந்தேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிட அவமானம் உண்டா? ஒரு நாள்கூட அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நைனா எழுந்திருக்குமுன் பாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசிக் கவிழ்த்துவிடுவார். யாராவது கேட்டால், "எறும்பு" என்பார். மூட்டுவலிக்காரர், அந்தக் கோரைப்பாயை எப்படித்தான் தூக்கினாரோ.

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தாயத்துக் கட்டினார். கடைசியில், "ஏழுமலையானிடமே கேட்டுவிடலாம்" என்று என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

மலைக்குப் போய்வந்தோம். மொட்டைத்தலையில் சந்தனம் குளுகுளுவென்று இருந்தது. பேச்சு வரவில்லை. சத்திரத்தில் யாரோ சொன்னார்கள், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரம்மா குழந்தைகளைப் பார்க்கிறார் என்று.

வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என் தொண்டையைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டு, அத்தையிடம் தெலுங்கில், "எந்த நாளிலிருந்து? அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார்.

அத்தை சொல்லத் தொடங்கினார். மாமா வந்தது, காகிதம், மாமா சொன்னது, தான் சொன்னது. சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"நீங்கள் சொன்னதை அவர்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவள்தானே? பெரியவர்கள் நீங்கள் மூன்று பேர். சண்டை உங்களுடையது. வாய் மட்டும் இவளுடையது." டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "இவள் தொண்டையில் ஒன்றுமில்லை அம்மா. தான் பேசியதால்தான் தாய் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேசு பேசு என்று யாரும் சொல்லாதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லி இனி ஒருபோதும் கேட்காதீர்கள். இவளை இவள் அம்மாவிடம் கூட்டிப்போங்கள்."

"மருந்து?" என்றார் அத்தை.

"அதுதான் சொன்னேனே."

வெளியே வந்து அத்தை தெருவிலேயே நின்றுவிட்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சித்தூர் வண்டிக்குப் போகாமல், ரேணிகுண்டா போகும் வண்டியில் ஏற்றினார். அங்கே வண்டி மாறினால் நகரிக்குப் போகலாம்.

ரயிலில் எதிரே புத்தூர்க்காரப் பெண்மணி ஒருவர், கூடை நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். அத்தை அவரிடம் கேட்டார். "தப்பு நாதி. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?"

"தப்பு என்னுது."

"தப்பு என்னுது. தப்பு என்னுது." அத்தை உதட்டை அசைத்து அசைத்துப் பாடம் செய்தார். இன்னும் நாலைந்து வார்த்தை கேட்டுக்கொண்டார்.

பக்கத்திலேயே நான் இருந்தேன். இந்த இரண்டு பாஷையிலும் ஊறிப்போனவள். என்னிடம் ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். வயிறு வலிக்கவில்லை என்பது புத்தூர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அவசரம்

மாமாவின் தெருவில், தறியில் ஏற்றுமுன் நூலுக்குக் கஞ்சி போடுவதற்காகப் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல், கஞ்சி வாசனை. மாமா நிமிர்ந்து பார்த்தார். அத்தை வந்து நிற்பார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அத்தை மனப்பாடம் செய்ததைச் சொன்னார். "தப்பு என்னுது." மூச்சு வாங்கினார். பாடம் செய்தது தீர்ந்துவிட்டது. சொந்தமாக ஒன்று சேர்த்தார். "பிள்ளைக்கு அம்மா அவசரம்!"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. குழந்தைக்கு அம்மா வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். மாமாவுக்கு அது எப்படித் தெரியும்? மொட்டைத்தலையோடு, வற்றிப்போய் நிற்கிற என்னைப் பார்த்தார்.

"ஐயோ, அவசரமா? இன்னா ஆச்சி? ஏ செல்லம்மா! ஓடியா, கொயந்தைக்கு இன்னாமோ ஆயிப்போச்சி!"

அம்மா ஓடிவந்தாள். கை முழங்கைவரை கஞ்சி. பாவைச் சுற்றிவரக்கூட நேரமில்லாமல் நூலுக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடிவந்தாள்.

"எம்மா, வசந்தா! இன்னாம்மா பண்ணுது? எங்க வலிக்குது?"

மாமா என்னைப் பார்த்தார், பழக்கதோஷம். "இந்தம்மா இன்னா சொல்றாங்கோன்னு கேட்டுச் சொல்லேன் கண்ணு."

அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். "பிள்ள கேக்காதே! நா பேசுது. நா!"

அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் அவள் கையின் கஞ்சி பிசுபிசுவென்று ஒட்டியது.

அப்போது வந்தது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல்.

"நீ ஏம்மா என்ன உட்டுட்டுப் போன?"

யார் சொன்னதையும் நான் மாற்றிச் சொல்லவில்லை. அது என்னுடைய கேள்வி.

"நீ வரமாட்டேன்னு நைனா சொன்னாரேடி..."

"நீதான அத்தையோடவே இருன்ன."

அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "அது வாயில வந்த வார்த்தடி. ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள திரும்பிடலாம்னு பார்த்தேன். ரோசம் உடல." என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். மாமா பாவைத் தாண்டி வந்து அத்தைக்கு முக்காலி போட்டார். "குந்துங்கம்மா" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதற்கப்புறம்

மறுநாளிலிருந்து நான் கிளி மாதிரிப் பேசினேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வீட்டில் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் வர இன்னும் பல மாதம் ஆயிற்று. பாய் காய ஒரு வருஷம். இன்றைக்கும் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் என் கை நகத்தைத் தேடிப் போகும்.

ஆனால் அம்மாவும் தங்கையும் அந்த வாரமே சித்தூர் வந்துவிட்டார்கள். நைனா டாக்டரம்மா சொன்னதை அத்தையிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு பொதுவாகச் சட்டம் போட்டார்: "இந்த வீட்டில் யாருக்கு யாரிடம் சண்டையோ, அவரவர் வாயால் போட்டுக்கொள்ளுங்கள்."

போட்டுக்கொண்டார்கள். ஆனால் தெரியாத பாஷையில் திட்டுவது சுலபமில்லை. வார்த்தைக்காக நிற்க வேண்டியிருக்கும், அதற்குள் கோபம் பாதி வடிந்துவிடும். அம்மா ஒருமுறை அத்தையைப் பிடிவாதக்காரி என்று சொல்லப்போய், தெலுங்கில் புத்திசாலி என்று சொல்லிவிட்டாள். அத்தை இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் எல்லைத் தகராறு தீர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. மாமியின் பிறந்த வீடு இருக்கும் பள்ளிப்பட்டு மதராஸோடு போய்விட்டது. மாமா அன்றைக்குச் சித்தூர் வந்து அதே பாயில் உட்கார்ந்தார். அவருக்கு அது நிஜமான துக்கம். அத்தை தட்டு வைத்துச் சாதம் போட்டார். "துன்னு அய்யா" என்றார். மாமா சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் வேறொரு சண்டை கிளம்பிவிட்டது. தங்கையைத் தெலுங்கில் படிக்க வைப்பதா, தமிழிலா. நான் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். நாலு பேரும் ஒரே நேரத்தில், இரண்டு பாஷையிலும் தப்புத் தப்பாகக் கத்துவது நன்றாகக் கேட்டது. அத்தை சொன்னதை மாமா முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் கோளாறு.

"வசந்தா! இங்க வா, இத்தக் கொஞ்சம் சொல்லு!" மாமாவின் குரல்.

உடனே நைனாவின் குரல். "அவ வரமாட்டா மச்சான். வெளையாடறா. நீங்களே கேளுங்க."

பிறகு மாமா தட்டுத் தடுமாறித் தெலுங்கில் ஏதோ தொடங்கினார்.

எனக்கு இன்னும் இரண்டு கட்டம் பாக்கியிருந்தது. ஒற்றைக்காலைத் தூக்கித் தாண்டினேன்.